கிராம்பி தாத்தாவும் அவரைப் படைத்த மனிதரும்

அநாதை இல்லம் ஒன்றில் நத்தார் காலை விடிகிறது. பிள்ளைகள் ஓடிவந்து விளையாட்டுப் பொருட்களைக் கையில் எடுக்கிறார்கள். எல்லாம் பழையவை, கைபட்டதும் உடைந்து போகின்றன. அழுகைச் சத்தம் கேட்டு, வெளியே பனியில் போய்க்கொண்டிருந்த கிராம்பி என்ற முதியவர் யன்னலால் எட்டிப் பார்க்கிறார். கொடுப்பதற்கு அவரிடம் பரிசு எதுவும் இல்லை. மின்குமிழ் பூட்டிய தொப்பியைப் போட்டுக்கொண்டு யோசிக்கிறார். குமிழ் எரிகிறது. உடனே குசினிக்குள் புகுந்து கோப்பிப் பாத்திரத்தை ரயிலாக்குகிறார். பச்சைக் குடைகளை அடுக்கி நத்தார் மரம் செய்கிறார்.

'கிறிஸ்மஸ் கம்ஸ் பட் வன்ஸ் எ இயர்' என்ற இந்தக் காட்டூன் 1936 டிசெம்பரில் வெளிவந்தது. பத்து நிமிடம்கூட ஓடாது. ஆனால் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த எமது தலைமுறைக்கு கிராம்பி அந்நியர் அல்லர். மின்நிலையம் இருந்த சுன்னாகத்திலேயே மின்சாரம் இல்லாத காலம் அது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்டோம். தேய்ந்த செருப்பை வட்டமாக வெட்டினால் வண்டிலுக்குச் சில்லு.

இந்தக் காட்டூனைத் தயாரித்த மக்ஸ் பிளெய்ஷரும் ஊர் விட்டு வந்தவர்தான். 1883 இல் போலந்தின் கிராக்கோ நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தகப்பன் தையற்காரர். மக்ஸுக்கு நான்கு வயதாக இருக்கும்போது குடும்பம் நியூயோர்க் போய்ச் சேர்ந்தது. பத்திரிகை ஒன்றில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, அங்கேயே கேலிச்சித்திரக்காரரானார். பின்னர் அறிவியல் சஞ்சிகையொன்றில் வேலை. இயந்திரங்களில் அவருக்குத் தீராத பைத்தியம்.

தம்பி டேவைக் கோமாளி உடுப்பில் ஆடவைத்துப் படம்பிடித்தார். அந்தப் படச்சுருளை ஒவ்வொரு சட்டமாகக் கண்ணாடியில் விழுத்தி, அதன்மேல் கோடிழுத்து வரைந்தார். வரைந்த கோமாளி உண்மை மனிதனைப்போல அசைந்தான். 'ரொட்டோஸ்கோப்' எனப்பட்ட இந்தக் கருவிக்கு 1917 இல் காப்புரிமை கிடைத்தது. டிஸ்னியின் மிக்கி மவுஸ் 1928 இல் சத்தத்தோடு திரைக்கு வருவதற்கு நான்கு வருடம் முன்னரே, பிளெய்ஷர் சகோதரர்கள் ஒலிசேர்ந்த பாட்டுக் காட்டூன்களைச் செய்துவிட்டார்கள். பெற்றி பூப், திரையில் பொப்பாய் எல்லாம் அவர்களின் கூடத்தில் இருந்து வந்தவையே.

ஆனால் கிராம்பியைப்போல எல்லோரையும் சிரிக்க வைக்க மக்ஸால் முடியவில்லை. 1937 இல் அவருடைய ஊழியர்களே கூலிக்காகவும் வேலைநிலைமைக்காகவும் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த வருடம் கலைக்கூடத்தை மயாமிக்கு மாற்றினார். செலவு ஏறியது, பரமவுண்ட் நிறுவனத்திடம் பட்ட கடன் கூடியது. இரண்டாவது முழுநீளப் படம் வெளிவந்த 1941 டிசெம்பரில்தான் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. அமெரிக்கா போருக்குள் இறங்க, படம் விழுந்தது. தம்பியுடன் பேச்சும் அறுந்தது. 1942 இல் கலைக்கூடம் கைவிட்டுப் போய், அவருடைய பெயரும் பலகையிலிருந்து நீங்கியது. மறு வருடம் மார்ச்சில், அவர் பிறந்த கிராக்கோவில் யூதர்களை அடைத்திருந்த குடியிருப்பை நாசிகள் துடைத்தழித்தார்கள்.

அதன் பிறகும் அவர் ஓயவில்லை. 1948 இல் வேறொரு நிறுவனத்துக்காக, சிவப்பு மூக்குக் கலைமான் ருடோல்பின் கதையை இன்னொரு நத்தார் காட்டூனாக இயக்கினார். 1972 செப்ரெம்பரில், திரைத்துறை முதியோருக்கான இல்லமொன்றில், 89 ஆவது வயதில் காலமானார்.

இல்லாமையில் பிறந்த கெட்டித்தனத்தை மெச்சலாம். இல்லாமையை மெச்ச வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் உடையாத பொம்மை கிடைத்திருக்க வேண்டும், எமக்கும்தான்.

காட்டூனின் உரிமைக்காலம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. எவரும் காசில்லாமல் பார்க்கலாம். இந்த மார்கழியில் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள். முடிந்ததும், செருப்பில் சில்லு வெட்டிய கதையையும் சொல்லுங்கள்.