ஊருக்குப் போவதா, இங்கேயே இருப்பதா? துன் சம்பந்தன் தேடிய பதில்

வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கும் காலம் இது. விடியற்காலையில் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு ஓடுகிறவர்கள், ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள் என்று நம் எல்லார் குடும்பத்திலும் சிலர் உண்டு. போகலாமா, இருக்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு என் தாத்தாவின் தகரப் பெட்டிதான் நினைவுக்கு வரும். அதில் ஒரு வேட்டி, ஒரு சிவப்பு அடையாள அட்டை, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி வாங்கிய ஒரு கூட்டுறவுப் பங்குப் பத்திரம் ஆகியவை இருந்தன. அவர் காலத்திலும் இதே கேள்விதான். ஆனால் அவருக்கு அது விருப்பத்தைப் பற்றிய கேள்வி அல்ல. கால் ஊன்ற இடம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றிய கேள்வி.

அந்தப் பத்திரத்துக்குப் பின்னால் இருந்த மனிதர் துன் வீ.தி.சம்பந்தன். அமைச்சராக இருந்தார், ம.இ.கா. தலைவராக இருந்தார், பிரிக்பீல்ட்ஸ் சாலைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது வரை நம் இளையோருக்கும் தெரியும். அவர் எடுத்துக்கொண்ட முக்கியமான வேலை என்ன என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள்.

சம்பந்தன் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீராசாமி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து, உழைத்து முன்னேறி, ரப்பர் தோட்ட உரிமையாளர் ஆனவர். நம்மவர்களில் அப்படி உயர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. பிறரின் தோட்டத்தில் பால்மரம் சீவ வந்தவர்கள்தான் மிகப் பெரும்பாலோர். பட்டணத்தில் கடை வைத்திருந்தவர்களும் வட்டித்தொழில் செய்த நகரத்தார்களும் சம்பாத்தியத்தை இங்கேயும் வீட்டை அங்கேயும் வைத்திருந்தார்கள். மூன்று வருடம் இங்கே, பிறகு ஊர், மறுபடி இங்கே என்பது அவர்கள் கணக்கு. தோட்டத்துக் கூலிக்கு அந்தக் கணக்கும் இல்லை. கப்பல் கட்டணம் சேர்ந்தால் ஒரு முறை ஊர் பார்க்கலாம், அவ்வளவுதான்.

கோலகங்சார் கிளிபர்ட் பள்ளியில் படித்த சம்பந்தன் மேற்படிப்புக்குச் சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனார். அவர் அங்கே இருக்கும்போதே ஜப்பானியர் மலாயாவைப் பிடித்துவிட்டார்கள். கடல் வழி அடைபட்டது. இந்தியாவில் வெள்ளையனை வெளியேறச் சொல்லி நடந்த போராட்டத்தின் காலம் அது. இங்கோ சயாம் ரயில் பாதைக்கு நம் தோட்டத்து ஆண்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளை, பட்டதாரி, தமிழ் நன்றாகப் பேசத் தெரிந்தவர். சுதந்திர இந்தியாவில் அவருக்கு ஒரு வாழ்க்கை நிச்சயம் அமைந்திருக்கும். ஆனாலும் போர் முடிந்ததும் அவர் சுங்கை சிப்புட்டுக்கே திரும்பினார்.

திரும்பி வந்த ஊர் அமைதியாக இல்லை. 1948 ஜூன் 16 அன்று, அவருடைய 29ஆவது பிறந்தநாளில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அங்கிருந்துதான் தொடங்கியது. தொழிற்சங்கத்தில் இருந்த தமிழர்கள் பலர் பிடிக்கப்பட்டுக் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். போவதா இருப்பதா என்பதை அரசாங்கமே முடிவு செய்த நாள்கள் அவை.

படித்த தலைவர்களுக்குள்ளும் அந்தக் குழப்பம் இருந்தது. 1946இல் ம.இ.கா.வைத் தொடங்கிய ஜான் திவி ஈப்போவில் பிறந்தவர். அவரே அடுத்த ஆண்டு கட்சித் தலைமையை விட்டு, மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றார். அதைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு இந்தியா என்ற பெயருக்கு இருந்த ஒளி அப்படி. நேருவோ, வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் தாங்கள் வாழும் நாட்டையே சொந்த நாடாகக் கொள்ள வேண்டும் என்ற நிலையில் உறுதியாக இருந்தார். அங்கே கூப்பிடவும் ஆளில்லை, இங்கே உரிமையும் இல்லை என்ற நிலையில் தோட்டத்து மக்கள் நின்றார்கள்.

சம்பந்தன் முதலில் கை வைத்தது பள்ளிக்கூடத்தில். 1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது. நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து அதைத் திறந்து வைத்தார். ஊருக்கு மூட்டை கட்டுகிற எண்ணத்தில் இருப்பவர் கல்லும் சிமெண்டும் வைத்துப் பள்ளிக்கூடம் கட்டமாட்டார். அடுத்த ஆண்டே ம.இ.கா.வின் தலைவரானார். 1955 ஜூலைத் தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. சம்பந்தன் தொழில் அமைச்சரானார். சுதந்திரத்துக்குப் பிறகு சுகாதாரம், பின்னர் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு என்று இலாகாக்கள் மாறின.

குடியுரிமையும் சிவப்பு அட்டையும்

1957இல் சுதந்திரம் வந்தபோது புதிய அரசியல் சட்டம் குடியுரிமைக்குக் கதவைத் திறந்தது. மெர்டேக்கா நாளிலிருந்து இங்கே பிறந்த குழந்தை தானாகவே குடிமகன். அதற்கு முன் பிறந்தவர்களும் வந்தவர்களும் இத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்ததைக் காட்டி மனுச் செய்ய வேண்டும். முதல் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் பலருக்கு மலாய்மொழித் தேர்வும் கிடையாது. நம் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதற்குள் இங்கேயே பிறந்தவர்கள். ஏனென்றால் 1938இலேயே இந்திய அரசு தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்துவிட்டது.

இன்று திரும்பிப் பார்த்தால், எல்லாரும் ஓடிப்போய் எழுதிக் கொடுத்திருக்க வேண்டாமா என்று தோன்றும். தோட்டத்தில் அது அப்படி நடக்கவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லை. பெயர் செக்ரோலில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. பட்டணத்துக்குப் போய் வந்தால் ஒரு நாள் பேர் போய்விடும். பாரத்தை நிரப்பக் கிராணியின் கையை எதிர்பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையெழுத்துப் போட்டால் ஊர் நிலத்தில் பங்கு போய்விடும், அம்மா முகத்தைப் பார்க்க முடியாது என்ற பயம். ம.இ.கா. கூட்டம் போட்டுச் சொன்னது. கேட்டவர்கள் உண்டு. நாளைக்குப் பார்ப்போம் என்று இருந்துவிட்டவர்களும் உண்டு. என் தாத்தா இரண்டாவது வகை.

துண்டாடல்

இதே நேரத்தில் இன்னோர் இடி விழுந்தது. சுதந்திரம் வருகிறது என்றதும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் தோட்டம் நடத்த வந்தவர்கள் அல்லர். பெரிய தோட்டத்தை ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று வெட்டிக் கூறுபோட்டு லாபத்துக்கு விற்றார்கள். அதைத்தான் துண்டாடல் என்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து 1962இல் ஒரு நூலே வெளியிட்டார்.

தோட்டம் துண்டாகும்போது மரம் மட்டும் கை மாறுவதில்லை. பத்து ஏக்கர் வாங்கியவருக்கு நிரந்தர ஆள் தேவையில்லை. குத்தகைக்கு ஆள் பிடித்துச் சீவிக்கொள்வார். லயத்தைப் பழுது பார்க்க யாரும் இல்லை. தண்ணீர்க் குழாய், ஆயாக் கொட்டகை, மருந்துக் கொட்டகை எல்லாம் அனாதையாகும். 1923ஆம் ஆண்டுத் தொழில் சட்டப்படி ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். முதலாளி என்று ஒருவரே இல்லாத இடத்தில் அந்தச் சட்டத்தை யாரிடம் காட்டுவது? காலையில் பிரட்டுக்குப் போய் நிற்பவரிடம், வேலை இல்லை, வீட்டையும் காலி செய் என்றால் அவர் எங்கே போவார்? ஊரில் அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பங்கு போட்டு முப்பது வருடம் ஆகியிருக்கும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஊர் என்பது கேள்விப்பட்ட பெயர் மட்டுமே.

இங்கேதான் சம்பந்தன் மற்ற தலைவர்களிடமிருந்து வேறுபடுகிறார் என்பது என் கருத்து. நாட்டுப்பற்றைப் பற்றி மேடையில் பேசுவது எளிது. இருக்கச் சொல்வதானால் இருப்பதற்கு இடம் வேண்டும் என்று அவர் யோசித்தார். தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டத்தை வாங்கிவிட்டால் யாரும் அதை வெட்டி விற்க முடியாது. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம்.

பத்து வெள்ளி அன்றைக்குச் சின்னப் பணம் அல்ல. நாளொன்றுக்கு மூன்று வெள்ளியைச் சுற்றிச் சம்பளம் வாங்கிய குடும்பத்துக்கு அது மூன்று நாள் உழைப்பு. இன்னொரு தடையும் இருந்தது. நம் மக்கள் பணத்தைக் கொடுத்து ஏமாந்த கதைகள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போனது, கோயில் பணம் காணாமல் போனது என்று எத்தனையோ. அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகப் போய், லயத்து வாசலில் உட்கார்ந்து, இது அப்படிப்பட்ட பணம் அல்ல என்று விளக்க வேண்டியிருந்தது. மனைவி உமா அம்மையாரும் உடன் போனார். பெண்கள் மத்தியில் அவர் பேசியது எவ்வளவு உதவியிருக்கும் என்பதை, சம்பளத்தை வாங்கி முடிச்சுப் போடுகிறவர் யார் என்று தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதுதான் முதல் தோட்டம். அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டங்கள் சேர்ந்தன. பல்லாயிரம் பேர் பங்குதாரர்கள் ஆனார்கள். கங்காணிக்கும் துரைக்கும் பயந்து நின்றவர் பொதுக்கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்க முடிந்தது. வாங்கிய தோட்டங்களில் லயமும் பள்ளியும் மாரியம்மன் கோயிலும் இருந்த இடத்திலேயே இருந்தன.

குறையும் சொல்லத்தான் வேண்டும். சங்கம் வாங்கிய தோட்டங்களைவிடத் துண்டாகிப் போன தோட்டங்கள் அதிகம். பங்குதாரர் ஆன பிறகும் விடியற்காலை எழுந்து உளியை எடுத்தவர் எடுத்தவர்தான். நிலம் சங்கத்தின் பெயரில் இருந்தது, தனித்தனியாக ஒருவருக்கு ஓர் ஏக்கர் என்று கிடைக்கவில்லை. பெல்டா திட்டத்தில் குடியேறியவர்களோடு ஒப்பிட்டு, அன்றே சிலர் இதைக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தனித்தனியாகக் கொடுத்திருந்தால் முதல் கல்யாணச் செலவுக்கே பாதி நிலம் கைமாறியிருக்கும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதையும் மறுக்க முடியவில்லை.

1969க்குப் பிறகு

1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். 1969 மே கலவரத்துக்குப் பிறகு அது கடுமையாக அமலானது. நாளைக்குப் பார்ப்போம் என்று 1957இல் இருந்துவிட்டவர்களின் நாளை அப்போது வந்தது. பல்லாயிரம் பேர் ஊர் திரும்பினார்கள். என் தாத்தாவின் தம்பி 1970இல் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார். தாத்தா அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு இருந்தார். இருவரும் அதன் பிறகு சந்திக்கவில்லை. கடிதம் மட்டும் வரும். சின்னத் தாத்தா அதில் தோட்டத்துப் பலாமரத்தைப் பற்றி விசாரிப்பார்.

சம்பந்தன் அப்போது அமைச்சரவையில்தான் இருந்தார். அவரால் அதைத் தடுக்க முடியவில்லை. அவருடைய வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். கூட்டணிக்குள் விட்டுக்கொடுத்தே பழகியவர், இன்னும் உரக்கக் கேட்டிருக்கலாம் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன். கட்சிக்குள்ளும் அவருக்கு எதிர்ப்பு வளர்ந்தது. 1973இல் தலைமைப் பதவியை விட்டு விலகினார். டான் ஸ்ரீ மாணிக்கவாசகம் தலைவரானார். 1974க்குப் பிறகு அமைச்சர் பதவியும் இல்லை. கூட்டுறவுச் சங்க வேலையை மட்டும் அவர் விடவில்லை.

தந்தை விட்டுச்சென்ற சொத்து அரசியலில் கரைந்தது என்று சுங்கை சிப்புட்டில் இன்றும் சொல்வார்கள். 1979 மே 18 அன்று, அறுபது வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில், அவர் காலமானார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அங்கேயே தங்கியிருக்கக்கூடிய அந்தப் பிள்ளை மலேசிய மண்ணில்தான் கண்ணை மூடினார்.

என் தாத்தாவுக்குக் கடைசிவரை நீல அட்டை கிடைக்கவில்லை. அவர் போன பிறகு அப்பா அந்தப் பங்குப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தனுக்குப் போனார். பெயர் மாற்ற ஒரு பாரம் கொடுத்தார்கள். அதில் இறந்தவரின் பிறந்த இடம் என்ற வரியில் தஞ்சாவூர் என்று எழுதினார். முகவரி என்ற வரியில் அந்தத் தோட்டத்தின் பெயரை எழுதினார்.