விஞ்ஞானத்தைத் தமிழாக்கிய வக்கீல்

விருத்தாசலத்துப் பீங்கான் சூளையைக் காணும் சிறுவன், குழைந்த மண் கல்லாய் இறுகுவது எதனால் என்று கேட்பான். அத்தகைய கேள்விகளுக்குத் தாய்மொழியிலேயே விடை கூற முடியும் என்று நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் ஸ்ரீமான் பெ. நா. அப்புசாமி.

திருநெல்வேலிச் சீமையில் பெருங்குளம் என்னும் ஊரில் 1891-ஆம் ஆண்டில் பிறந்த அவர், தொழிலால் வக்கீல். விஞ்ஞானத்தைச் சொல்லத் தமிழுக்கு ஆற்றலில்லை என்று கற்றவர்களே கைவிரித்த காலம் அது. அக்காலத்தில், 1917-இல், தம் முதல் விஞ்ஞானக் கட்டுரையை அவர் தமிழில் வெளியிட்டார். பின்னர், ‘அற்புத உலகம்’, ‘மின்சாரத்தின் விந்தை’ முதலிய நூல்கள் வந்தன. அணு, ரயில், வானொலி ஆகியவை தோன்றி வளர்ந்த வரலாற்றை இளைஞர்கள் ஆவலோடு படிக்கும் கதையாக அவர் எழுதினார். சங்கச் செய்யுட்களை ஆங்கிலத்தில் பெயர்த்த புலவர் அவர்; ஆயினும் அப்புலமையின் பாரத்தைச் சிறுவர் தலையில் ஏற்றவில்லை.

1986-இல் மறையும்வரை சுமார் 70 ஆண்டுகள் அவர் இப்பணியில் ஈடுபட்டிருந்தார். தமிழால் இயலாது என்ற வாதத்தை அந்த வக்கீல் எழுதி எழுதியே தோற்கடித்தார். விஞ்ஞானமோ நாள்தோறும் வளர்கிறது. புதிய கேள்விகளோடு சிறுவர் நம்முன் நிற்கின்றனர். அவர்களுக்குத் தமிழில் விடையளிக்கும் கடமை இனி நம்முடையது.