11 கிலோ கம்ப்யூட்டர்... திருவண்ணாமலையில் வளர்ந்த ஆடம் ஆஸ்போர்ன் ஜெயித்ததும் தோற்றதும் எப்படி?

அடுத்த மாசம் புது மாடல் வருதுன்னு தெரிஞ்சா, கையில் காசு இருந்தாலும் பழைய மாடல் போனை யாரும் வாங்க மாட்டாங்க. இந்தத் தயக்கத்தால் ஒரு கம்பெனிக்கு விழும் அடிக்கு, பிசினஸ் உலகத்தில் ‘ஆஸ்போர்ன் எஃபெக்ட்’ என்று பெயர். தோல்விக்கே பெயராகிப்போன அந்த ஆஸ்போர்ன் யார்?

திருவண்ணாமலை டூ கலிபோர்னியா

1939ல் பாங்காக்கில் பிறந்தவர் ஆடம் ஆஸ்போர்ன். அப்பா ஆர்தர் பிரிட்டிஷ்காரர், அம்மா லூசியா போலந்துக்காரர். ரமண மகரிஷி மீதான ஈடுபாடு அந்தக் குடும்பத்தைத் திருவண்ணாமலைக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரில் அப்பா தாய்லாந்தில் ஜப்பானியர்களிடம் சிறைப்பட்டிருக்க, அம்மாவோடு இங்கே வளர்ந்தார் ஆடம்.

பிறகு இங்கிலாந்தில் கெமிக்கல் இன்ஜினியரிங், அமெரிக்காவில் டாக்டர் பட்டம், ஷெல் நிறுவனத்தில் வேலை. அதை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரைப் புரியவைக்கும் புத்தகங்களை எழுதி வெளியிட்டார். அந்தப் பதிப்பகத்தை 1979ல் மெக்ரா-ஹில் வாங்கியது.

சீட்டுக்கு அடியில் கம்ப்யூட்டர்

1981 ஏப்ரலில் ‘ஆஸ்போர்ன் 1’ அறிமுகமானது. வடிவமைத்தவர் லீ ஃபெல்சென்ஸ்டீன். எடை சுமார் 11 கிலோ, திரை வெறும் 5 அங்குலம், விலை 1,795 டாலர். பார்க்க தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். ஆனால் விமான சீட்டுக்கு அடியில் வைத்து எடுத்துட்டுப் போகலாம்.

கூடவே வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் போன்ற சாஃப்ட்வேர்களும் இலவசம். தனியா வாங்கினால் அதுக்கே ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். அவ்வளவுதான், விற்பனை பறந்தது. உச்சத்தில் மாசம் 10,000 கம்ப்யூட்டர்கள் வரை போச்சு.

எங்கே சறுக்கியது?

1983 தொடக்கத்தில், அடுத்த மாடலான ‘எக்ஸிக்யூட்டிவ்’ பற்றி முன்கூட்டியே பேசினார் ஆஸ்போர்ன். அது வரட்டும் என்று கடைக்காரர்கள் பழைய ஆர்டரை நிறுத்தினார்கள். கம்பெனிக்குள் பணப்புழக்கம் நின்றது. இதுதான் எல்லோரும் சொல்லும் கதை.

ஆனால் அது பாதி உண்மைதான். கேப்ரோ என்ற போட்டி நிறுவனம் ஏறக்குறைய அதே விலையில் 9 அங்குலத் திரை கொடுத்தது. ஐ.பி.எம். பி.சி. சந்தையைத் தன் பக்கம் திருப்பிவிட்டது. அதற்காக எழுதிய சாஃப்ட்வேர் ஆஸ்போர்னில் ஓடாது. வளர்ந்த வேகத்துக்குக் கணக்கு வழக்கும் நிர்வாகமும் ஈடுகொடுக்கவில்லை. அவர் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் இந்த மூன்றும் விட்டிருக்காது.

1983 செப்டம்பரில் கம்பெனி மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தது. ஜெயித்த கேப்ரோவும் தப்பவில்லை, ஐ.பி.எம். பாணிக்கு மாறத் தாமதித்து, 1990ல் திவாலானது.

மறுபடியும் ஒரு முயற்சி

1984ல் பேப்பர்பேக் சாஃப்ட்வேர் தொடங்கினார் ஆஸ்போர்ன். 495 டாலர் லோட்டஸ் 1-2-3க்குப் போட்டியாக, 100 டாலருக்குள் விபி-பிளானர். மெனு அமைப்பையே காப்பியடித்ததாக லோட்டஸ் வழக்குப் போட்டது. 1990ல் தீர்ப்பு லோட்டஸுக்குச் சாதகமாக வர, அதுவும் முடிந்தது.

உடல்நலம் குன்றி, 1992ல் இந்தியா திரும்பினார். சகோதரியோடு கொடைக்கானலில் வாழ்ந்து, 2003 மார்ச் 18ல், 64 வயதில் அங்கேயே காலமானார்.

கம்ப்யூட்டர் என்றால் மேஜையோடு இருப்பது என்ற நிலையில், அதைக் கையில் தூக்கிட்டுப் போகலாம், மக்கள் காசு கொடுத்து வாங்குவாங்க என்று விற்றுக் காட்டியவர் அவர். அதற்கு அவர் பெயரை யாரும் வைக்கவில்லை, சறுக்கியதற்கு வைத்துவிட்டார்கள்.