யுவான் சுவாங் தனிவழி புறப்பட்ட வரலாறு

யுவான் சுவாங் என்னும் சீன பிக்குவின் பெயரை நம் அன்பர்களில் அறியாதார் இலர். ஹர்ஷர் காலத்தில் இந்நாட்டிற்கு வந்தார், நாளந்தாவில் கற்றார், காஞ்சியைக் கண்டார் என்று பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பர். அவர் எவ்வாறு புறப்பட்டார் என்பதையோ பாடநூல்கள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. முப்பது வயது நிரம்பாத ஒருவர் போகலாமா, வேண்டாமா என்று எண்ணித் தெளிந்த அப்பகுதியே நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. ஆதலின் அதனை விரித்தும் ஏனையவற்றைச் சுருக்கியும் சொல்லப் புகுகின்றோம்.

கி. பி. 602ஆம் ஆண்டில் லோயாங் நகரை அடுத்த ஓர் ஊரில் சென் என்னும் குடியில் அவர் பிறந்தார். தந்தையார் கற்றவர், அரசுப் பணியை விட்டு ஒதுங்கி வாழ்ந்தவர். தமையனார் ஒருவர் முன்னரே சங்கத்திற் சேர்ந்திருந்தார். அவரைப் பின்பற்றி இளையவரும் பதின்மூன்றாம் வயதில் விஹாரையிற் புகுந்தார். 618இல் சுயி அரச மரபு வீழ்ந்தது. பஞ்சமும் கொள்ளையும் சூழ்ந்த லோயாங்கை விட்டு இருவரும் சாங்கான் சென்றனர். அங்கும் கற்பிப்பார் இன்மையால் செங்டு நகரை அடைந்தனர். அங்கே 622இல் அவர் உபசம்பதை பெற்றார்.

செங்டுவில் கற்கத்தக்கவற்றைக் கற்று முடித்தபின் வேறு ஆசிரியரை நாடிச் செல்ல விரும்பினார். தமையனார் விடவில்லை. இளையவர் வணிகர் சிலருடன் சேர்ந்து ஓடமேறி, யாங்சி ஆற்றின் வழியே சொல்லாமற் போய்விட்டார். தமையனார் கொடியவர் அல்லர், அன்பினாலேயே தடுத்தார். அன்பினால் வரும் தடையே தடைகளுள் கடத்தற்கு அரியது. அதனை அவர் முதலில் கடந்துவிட்டார் என்பதை நினைவிற் கொள்வோமாக.

பின்னர் அவர் சாங்கானில் பேராசிரியர் பலரிடம் பாடங் கேட்டார். கேட்கக் கேட்க ஐயமே வளர்ந்தது. ஒரு நூலைப் பலர் பலவாறு மொழிபெயர்த்திருந்தனர். ஒருவர் உரைத்த பொருளை மற்றவர் மறுத்தனர். அவற்றுள் ஒரு வினா அவரை மிகவும் வருத்தியது. புத்த நிலை உயிர்களிடத்தே முன்னரே அமைந்துள்ளதோ, அன்றிப் பின்னர் எய்தப்படுவதோ என்பதே அது. பிறப்பினால் இழிந்தோர் என்று ஒதுக்கப்பட்டுப் பின் திரிசரணம் புகுந்த நமக்கு இவ்வினாவின் கனம் தெரியும். இதனைத் தீர்க்கவல்லது யோகாசார பூமி சாஸ்திரம் என்னும் பெருநூல் என்றும், அதன் முழுப் பிரதியும் அதனைக் கற்பிக்க வல்லாரும் இந்தியாவில் உளர் என்றும் அவர் அறிந்தார். அவருக்கு முன்னர், 399இல், ஃபாஹியான் என்னும் பிக்கு தோழர்களுடன் மேற்கே சென்று மீண்டிருந்தார். பிறரால் இயன்றது தம்மாலும் இயலும் என்று இவர் எண்ணினார்.

அவ்வாறு எண்ணியவர் உடனே மூட்டை கட்டவில்லை. வேறு பிக்குகள் சிலரையும் சேர்த்துக்கொண்டு அரசரிடம் விண்ணப்பம் செய்தார். தாங் மரபின் தாய்சுங் பேரரசர் அரியணை ஏறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. துருக்கியருடன் பகை முற்றியிருந்தமையால் எல்லை கடத்தல் ஒருவருக்கும் கூடாது என்று ஆணை இருந்தது. விண்ணப்பம் மறுக்கப்பட்டது. உடன் கையொப்பமிட்டோர் அனைவரும் ஒதுங்கிவிட்டனர். இவர் ஒருவரே நின்றார். நாம் ஆலையில் நூல் நூற்ற காலத்தில் ஒரு மனுவில் இருநூறு பேர் கைந்நாட்டு வைத்ததையும், அது தள்ளப்பட்ட மறுநாள் வாயிலில் நின்றோர் தொகையையும் கண்டிருக்கிறோம். ஒதுங்கினாரைப் பழித்தல் நம் கருத்தன்று. அவரவர்க்கு அவரவர் பொறுப்பு உண்டு.

தனியனாய் நின்ற பின்னர் அவர் செய்ததே கருதத்தக்கது. மேற்குவழி கொடியது என்பதை அவர் அறிவார். ஆதலின் மாந்தர்க்கு நேரும் துன்பங்கள் பலவற்றையும் தாமே வலிந்து மேற்கொண்டு, தம் மனம் தாங்குமா என்று சோதித்தார். தாங்கும் என்று கண்ட பின்னரே துணிந்தார். அன்பர்களே, இளைஞர் சிலர் நம்மிடம் வந்து தொலைநாடு தனியே செல்லலாமா என்று கேட்பதுண்டு. பிறர் சொல்லக் கேட்டு அறியக் கூடியதன்று அது. இவர் செய்தவாறு தம்மையே கேட்டறிய வேண்டும்.

629ஆம் ஆண்டில், ஏறக்குறைய இருபத்தேழாம் வயதில் அவர் புறப்பட்டார் என்பது பழைய வரலாற்று நூலின் கணக்கு. முதலடி மிக எளிதாகவே இருந்தது. ஊர் திரும்பும் ஒரு பிக்குவுடன் ஓர் ஊர்வரை சென்றார். அங்கிருந்து வேறொரு வழிப்போக்கருடன் அடுத்த ஊருக்குச் சென்றார். லியாங்சௌ நகரில் ஒரு திங்களுக்கு மேல் தங்கித் தம்மம் உரைத்தார். அவ்வூர் ஆளுநர் அவரது நோக்கத்தை அறிந்து, தலைநகருக்குத் திரும்புமாறு கட்டளையிட்டார். அங்கிருந்த முதிய பிக்கு ஒருவர் தம் மாணாக்கர் இருவரைத் துணைகூட்டி அவரை மறைவாக அனுப்பினார். பகலில் ஒளிந்தும் இரவில் நடந்தும் குவாசௌ என்னும் எல்லைப்புற ஊரை அடைந்தனர்.

அவ்வூரில் துணைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. குதிரை இறந்தது. மாணாக்கருள் ஒருவர் வேறூர் சென்றார்; மற்றவர் இவ்வழியைத் தாங்க மாட்டார் எனக் கண்டு யுவான் சுவாங் தாமே அவரைத் திருப்பி அனுப்பினார். அவரைப் பிடிக்க ஓலையும் வந்தது. லீ சாங் என்னும் அலுவலர் அவ்வோலையைக் காட்டி, அதில் குறித்த பிக்கு அவர்தாமோ என்று வினவினார். அவர் சற்றுத் தயங்கினார். பின்னர் உண்மையைக் கூறினார். அவ்வலுவலர் பௌத்தர். அவர் கண்முன்னே ஓலையைக் கிழித்து, விரைந்து செல்லுமாறு சொல்லிவிட்டார். அரசாணையை மீறியவர் என்று யுவான் சுவாங் மீது குறை கூறுவார் உளர். மீறியது மெய்யே. ஆயினும் பொய்யுரையாமை என்னும் சீலத்தை அவர் அன்று தம் உயிரைக் காக்கவும் விடவில்லை. குறை கூறுவோர் இதனையும் சேர்த்து எண்ணுதல் நன்று.

அயல்நாட்டினன் ஒருவன் பஞ்சசீலம் பெற்று வழிகாட்ட இசைந்தான். அவன் அழைத்துவந்த முதியவர் ஒருவர், கூட்டமாகச் செல்வோரே வழிதவறி மடியும் பாலையில் ஒருவர் தனியே செல்வது எங்ஙனம் என்று இடித்துரைத்தார். யுவான் சுவாங் தம் உறுதியைத் தெரிவிக்கவே, பதினைந்து முறை அவ்வழியிற் சென்றுவந்த தம் மெலிந்த செந்நிறக் கிழக்குதிரையைத் தந்து, இவரது குதிரையை மாற்றாகப் பெற்றுக்கொண்டார். வழிகாட்டியோ ஆற்றைக் கடந்த அன்றிரவே வாளை உருவிக்கொண்டு அவரை நெருங்கினான். அவர் எழுந்து அமர்ந்து ஓதத் தொடங்கவே திரும்பிவிட்டான். அவர் பிடிபட்டால் தன் பெயரும் வெளிவரும் என்பதே அவன் அச்சம். தம்மைத் துணித்தாலும் அவன் பெயரைச் சொல்வதில்லை என்று அவர் உறுதிகூறி, ஒரு குதிரையும் கொடுத்து அவனை அனுப்பினார். இங்குதான் அவர் முற்றிலும் தனியர் ஆனார்.

முதற் காவற்கோபுரத்தருகே நீர் அருந்தியபோது அம்பொன்று முழங்காலை உரசுவதுபோற் சென்றது. தாம் தலைநகரிலிருந்து வந்த பிக்கு என்று கூவி அறிவித்தார். காவற்றலைவர் வாங் சியாங் நல்லவர். அருகிலுள்ள துன்ஹுவாங் நகரில் அவரை மகிழ்ந்து வரவேற்கும் ஆசிரியர் உளர், அங்கே அமைதியாக வாழலாம் என்று அழைத்தார். பகைவரின் அம்பினும் நண்பரின் இவ்வழைப்பு வலியது என்போம். அவர் அதனையும் மறுத்தார். தலைவர் உணவும் நீரும் அளித்து, பிற காவலிடங்களைக் கடக்கும் வகையையும் கூறினார்.

அதன் பின் மொஹேயன் பாலை. எண்ணூறு லீ, அஃதாவது இருநூறு மைலுக்கு மேற்பட்ட மணற்பரப்பு. எலும்புக் குவியல்களும் குதிரைச் சாணமுமே வழிக்குறிகள். நீருள்ள இடத்தைக் காணாது வழிதவறிய அவர், குடிக்க எடுத்த தோற்பை கைந்நழுவ, நீர் அனைத்தையும் மணலில் இழந்தார். கடைசிக் கோபுரத்துக்கே மீள்வோம் என்று குதிரையைக் கிழக்கே திருப்பிப் பத்து லீக்கு மேல் வந்துவிட்டார். இந்தியாவை அடையாமல் கிழக்கே ஓரடியும் வையேன் என்று முன்னர்ச் செய்த உறுதி அப்போது நினைவிற்கு வந்தது. மீண்டும் குதிரையை மேற்கே திருப்பினார்.

சாங்கானில் செய்த முடிவு ஒரு முடிவுதான். ஆனால் அங்கே நீர் இருந்தது. நீரின்றி, சாட்சியின்றி, அந்தப் பத்து லீ தொலைவில் செய்த முடிவையே நாம் அவரது புறப்பாடு என்று கருதுகின்றோம்.

நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீரும் இன்றிச் சென்று வீழ்ந்தார். பிரஜ்ஞாபாரமிதையை ஓதியவண்ணம் கிடந்தார். ஐந்தாம் இரவு குளிர்காற்று வீசியது. எழுந்து சென்றபோது கிழக்குதிரை அவர் பிடித்த பக்கம் போகாது வேறு பக்கம் இழுத்தது. சில லீ தொலைவில் பசும்புல்லும் குளமும் இருந்தன. இதனைத் தேவர் செயல் என்பர் சிலர். பதினைந்து முறை அவ்வழி சென்ற குதிரைக்கு நீர் இருக்குமிடம் தெரிந்திருத்தல் வியப்பன்று என்பது நம் எண்ணம்.

நிற்க. துர்ஃபான் அரசர் அவரைத் தம்மிடமே இருத்திக்கொள்ள முயன்றார். மூன்று நாள் உண்ணாது இருந்து விடுதலை பெற்றார். அவ்வரசர் பின் மனம் மாறி முப்பது குதிரையும் பணமும், வழியிலுள்ள இருபத்துநான்கு நாடுகளுக்கு ஓலையும் கொடுத்தார். திரும்புகையில் மூன்றாண்டு தங்குவதாக வாக்குப் பெற்றார். 640இல் தாங் படைகள் அந்நாட்டைக் கைப்பற்றின, அரசரும் இறந்தார். அவ்வாக்கு நிறைவேறவில்லை.

பனிமலைகளையும் சமர்கந்து, பாமியான், காந்தாரம், காசுமீரம் ஆகியவற்றையும் கடந்து 637ஆம் ஆண்டளவில் நாளந்தாவை அடைந்தார். அங்கே முதியவரான சீலபத்திரர் அவருக்கு யோகாசார பூமி சாஸ்திரத்தைக் கற்பித்தார். சீலபத்திரரின் ஆசிரியர் தர்மபாலர். அத்தர்மபாலர் நம் காஞ்சியிற் பிறந்தவர். 640ஆம் ஆண்டளவில் யுவான் சுவாங் காஞ்சிக்கே வந்து, ஏறக்குறைய நூறு விஹாரைகளும் பதினாயிரம் பிக்குகளும் அந்நாட்டில் இருந்ததாகக் குறித்தார். இலங்கைக்குச் செல்லவே அவர் அங்கு வந்தார். இலங்கையில் அரசர் இறந்தார், பஞ்சமும் கலகமும் நேர்ந்தன என்று அங்கிருந்து வந்த பிக்குகள் கூறினர். அவர்களிடம் அவர் சாஸ்திரப் பொருளை வினவினார். சீலபத்திரர் உரைத்ததற்கு மேல் ஒன்றும் அவர்கள் அறிந்திலர். உடனே பயணத்தைக் கைவிட்டார். பாலையில் திரும்பாதவர் காஞ்சியில் திரும்பினார். அவரிடம் இருந்தது பிடிவாதம் அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அவர் சீனத்துக்குக் கொண்டுசென்ற கொள்கையில் ஒரு பகுதியை நாம் ஏற்பதற்கில்லை. உயிர்களை ஐந்து கோத்திரமாகப் பகுத்து, ஒரு வகைக்குப் புத்த நிலை என்றும் இல்லை என்றது அக்கொள்கை. சீனத்திலும் பலர் அதனை எதிர்த்தனர். கோத்திரம் என்னும் சொல்லை நம் முன்னோர் எத்துணை கேட்டனர்! இருந்தும், வினாவை எடுத்துக்கொண்டு அத்துணைத் தொலைவு நடந்தவரை நாம் வணங்குகின்றோம்.

நாளந்தாப் பிக்குகள் அவரை இந்தியாவிலேயே இருக்க வேண்டினர். அவர் இசையவில்லை. கோத்தான் நகரிலிருந்து, அனுமதியின்றிச் சென்றதை ஒப்புக்கொண்டு பேரரசருக்கு விண்ணப்பம் அனுப்பினார். மன்னிப்புக் கிடைத்தது. 645இல், 657 நூல்களை இருபது குதிரைகளில் ஏற்றிச் சாங்கானிற் புகுந்தார். சீவரத்தைக் களைந்து அரசுப் பதவி ஏற்குமாறு தாய்சுங் கேட்டார். மறுத்துவிட்டு மொழிபெயர்ப்பில் அமர்ந்தார். 75 நூல்களை 1335 சுருள்களாகச் சீன மொழியில் ஆக்கி, 664இல் மறைந்தார். அவரது திருவெலும்பின் ஒரு பகுதி 1957 சனவரியில் நாளந்தாவில் தலாய் லாமாவின் கையால் பண்டித நேருவிடம் ஒப்படைக்கப்பெற்றது.