தழும்பில் வாழும் ஜென்னர்

அரூரில் என் வயதினரின் மேல்கையைப் பார்த்தாலே எங்கள் தலைமுறையை அறிந்துகொள்ளலாம். பெரியம்மைக்காகக் குத்தப்பட்ட வட்டத் தழும்பு அங்கே இருக்கும். எங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு அது இல்லை. அண்மையில் என் பேத்திக்குப் பிறந்த சில நாள்களிலேயே இடக்கைத் தோலில் காசநோய்த் தடுப்பூசி போட்டார்கள். சிறு கொப்புளம்போல் எழுந்த அத்தோலைப் பார்த்தபோது எட்வர்ட் ஜென்னர் நினைவுக்கு வந்தார்.

1749-இல் இங்கிலாந்தின் பெர்க்லி என்னும் சிற்றூரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர் ஜென்னர். ஐந்து வயதில் பெற்றோர் இருவரையும் இழந்தார். எட்டு வயதில், அக்கால வழக்கப்படி, பெரியம்மைச் சீழையே அவருடைய தோலைக் கீறி ஏற்றினார்கள். பிழைத்தால் பாதுகாப்பு, தவறினால் மரணம். அந்த அச்சத்தை அவர் தம் உடலிலேயே அறிந்தவர். பின்னர் லண்டனில் ஜான் ஹன்டரிடம் அறுவை மருத்துவம் பயின்றார். தலைநகரிலேயே தங்காமல் சொந்த ஊருக்குத் திரும்பி நாட்டுப்புற மருத்துவரானார். குயிலின் கூட்டுப் பழக்கத்தை ஆராய்ந்ததற்காக 1789-இல் ராயல் சொசைட்டியில் இடம் பெற்றார்.

பசு அம்மை கண்ட பால்காரப் பெண்களைப் பெரியம்மை தொடாது என்பது அவ்வூர் மக்களின் அனுபவ அறிவு. படித்தவர்கள் ஒதுக்கிய அச்சொல்லுக்கு ஜென்னர் செவிசாய்த்தார். 1796 மே 14 அன்று, சாரா நெல்ம்ஸ் என்னும் பால்காரப் பெண்ணின் கைப்புண்ணிலிருந்து எடுத்த நீரை, தோட்டக்காரரின் மகனான எட்டு வயது ஜேம்ஸ் ஃபிப்ஸின் கையில் கீறி வைத்தார். ஜூலையில் அதே சிறுவனுக்குப் பெரியம்மைச் சீழையும் ஏற்றினார். நோய் வரவில்லை. இன்று எந்த அறநெறிக் குழுவும் இதற்கு ஒப்புதல் தராது. அவரைப் போற்றும்போது இதையும் மறக்கலாகாது. ராயல் சொசைட்டி அவருடைய கட்டுரையை ஏற்கவில்லை. 1798-இல் தாமே நூலாக வெளியிட்டார்.

கண்டுபிடித்ததைவிட அதைக் கெடாமல் கொண்டுசேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. நூலில் தோய்த்து உலர்த்தி அனுப்பினார்கள். வழியில் வீரியம் போயிற்று. எனவே ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றி மாற்றி எடுத்துச் சென்றார்கள். 1803-இல் ஸ்பெயின் அரசு 22 ஆதரவற்ற சிறுவர்களின் கைகளிலேயே மருந்தை அமெரிக்கக் கண்டத்துக்கு அனுப்பியது. பாக்தாத், பாஸ்ரா வழியாக இந்தியாவுக்கு வந்த மருந்து, 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி அன்னா டஸ்ட்ஹாலின் கையில் பலித்தது. பின்னாளில், 1899-இல் தொடங்கப்பட்ட நம் கிண்டி கிங் நிறுவனம், கன்றுகளின் தோலில் இம்மருந்தைத் தயாரித்து மாகாணம் முழுதும் வழங்கியது.

நாடாளுமன்றம் அவருக்கு 1802-இல் 10,000 பவுனும் 1807-இல் 20,000 பவுனும் அளித்தது. அவரோ தம் தோட்டத்துக் குடிலில் ஏழைகளுக்குக் கட்டணமின்றி அம்மை குத்தினார். ஃபிப்ஸுக்கு வாடகையில்லாத வீடும் கொடுத்தார். ஒருமுறை குத்தினால் ஆயுள் முழுதும் போதும் என்று அவர் நம்பியது மட்டும் பிழையாயிற்று; மீண்டும் குத்த வேண்டியிருந்தது. 1810-இல் மூத்த மகனைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். 1823-இல் மறைந்தார். 1980-இல் பெரியம்மை உலகைவிட்டே நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. அவருடைய மகனைக் கொண்டுபோன நோய்க்கான தடுப்பூசியும் இன்று தோலில்தான் போடப்படுகிறது.

நோய்க்கிருமியை இனங்கண்டு உடலுக்கு அறிவிக்கும் காவல் செல்கள் தசையைவிடத் தோலில் மிகுதி. அதனால்தான் 2016 முதல் நம் நாட்டில் போலியோ ஊசி மருந்தை, முழு அளவில் ஐந்தில் ஒரு பங்காக, தோலிலேயே போடுகிறார்கள். ஊசியே இல்லாமல், நுண்முட்கள் கொண்ட சிறு ஒட்டுப்பட்டையாகத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பு மருந்தைத் தரும் முறை காம்பியா நாட்டுக் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு, 2024-இல் நம்பிக்கையூட்டும் முடிவுகள் வெளிவந்துள்ளன.

எங்களுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. தடுப்பு மருந்துகளில் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி குளிரில் காக்க வேண்டும். சித்தேரி மலையின் சிற்றூர்களுக்குக் குளிர்பெட்டியைச் சுமந்து ஏறும் செவிலியரின் கவலை, நூலை உலர்த்தி அனுப்பிய ஜென்னரின் கவலையேதான். வெப்பம் தாங்கும் பட்டை ஒன்று வருமானால் முதலில் சேரவேண்டிய இடம் மாநகர மருத்துவமனை அன்று, அந்த மலைக் குடிசைகள்தாம். கண்டுபிடிப்பு கடைசி வீட்டை அடையும்போதுதான் முழுமை பெறுகிறது என்பதைத் தம் தோட்டத்துக் குடிலில் அவர் நமக்குக் காட்டிச் சென்றிருக்கிறார்.