வேர் முடிச்சின் ரகசியம் கண்ட விஞ்ஞானி



நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்திருக்கீங்களா? வேரில் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும். நோய்னு நினைச்சுடாதீங்க! அது பாக்டீரியாக்கள் குடியிருக்கும் வீடு. அந்தப் பாக்டீரியாவை முதன்முதலில் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டியவர்தான் மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க்.

இவர் 1851-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்தார். அப்பா புகையிலை வியாபாரி. வியாபாரம் நொடிச்சுப் போச்சு. குடும்பம் ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. அந்தக் கஷ்டத்திலும் பெய்ஜெரிங்க் படிப்பை விடவில்லை. 1877-இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். விவசாயப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். 1885-இல் டெல்ஃப்ட் நகரில் ஈஸ்ட் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனா செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது. முடிச்சில் உள்ள பாக்டீரியா அதைச் செடிக்கு ஏற்ற உணவாக மாற்றித் தருகிறது. பதிலுக்குச் செடி சர்க்கரை தருகிறது. இந்தப் பாக்டீரியாவை 1888-இல் இவர் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் ரைசோபியம்.

1895-இல் டெல்ஃப்டில் பேராசிரியர் ஆனார். அப்பாவைக் கைவிட்ட அதே புகையிலைதான் இவருக்குப் புகழ் தந்தது! புகையிலைச் செடிக்கு வரும் நோய்க்குக் காரணம் பாக்டீரியா இல்லை, அதைவிட நுண்ணியது என்று 1898-இல் கண்டறிந்து, அதை வைரஸ் என்று அழைத்தார்.

ஆனால் இவரிடம் ஒரு குறை உண்டு. மாணவர்களிடம் ரொம்பக் கடுமையாக நடந்துகொள்வார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஆராய்ச்சியே வாழ்க்கை.

1921-இல், 70 வயதில் ஓய்வு பெற்று, கோர்சல் என்ற கிராமத்துக்குப் போனார். அதோடு முடிஞ்சுதா? இல்லை! 1925-இல், 74 வயதில், சுருள் வடிவமான ஒரு மண் பாக்டீரியாவைப் பற்றி எழுதினார். அப்போது அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1931 ஜனவரி 1 அன்று இறந்துவிட்டார்.

சுமார் 50 வருஷம் கழித்து விஞ்ஞானிகள் அதைத் திரும்பக் கையில் எடுத்தார்கள். 1978-இல் வைத்த பெயர் என்ன தெரியுமா? அசோஸ்பைரில்லம்! ஆமாம், நம்ம ஊர் விவசாயிகள் அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் தடவி, நிழலில் உலர்த்தி விதைக்கிறார்களே, அதே பாக்கெட்தான். இது வேரை ஒட்டி வாழும். வேர் வளர்ச்சிக்கான ஹார்மோனைச் சுரக்கும். அதனால் பக்க வேர்களும் வேர்த்தூவிகளும் அதிகமாகும். மழை தள்ளிப் போனாலும் பயிர் இன்னும் கொஞ்சம் மண்ணில் தண்ணீரைத் தேடி உறிஞ்சி, வாட்டத்தைத் தாங்கும். தண்ணீருக்குப் பதில் இது ஆகாது; ஆனால் இருக்கிற தண்ணீரைப் பயன்படுத்த உதவும்.

தன் கண்டுபிடிப்பு வயலுக்கு வந்ததை அவர் பார்க்கவே இல்லை. இருந்தாலும் கடைசிவரை உழைத்தார். பலன் உடனே தெரியலைன்னு நாமும் முயற்சியை விடக் கூடாது, நண்பர்களே!

செய்து பார்: கடலைச் செடியின் வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்!