கோபுரத்தில் இருந்து விழுந்த பிறகு: அருணகிரிநாதர்

ஓம் சரவணபவ!

அருணகிரிநாதர்னாலே கோபுரத்துல இருந்து குதிச்ச கதைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். எனக்கு அதுக்கு அப்புறம் நடந்ததுதான் பெருசாத் தெரியுது.

15ஆம் நூற்றாண்டு, திருவண்ணாமலை. செவிவழியாக வந்த வரலாறு இதுதான். தாயை இழந்தவரை அக்கா வளர்த்தார். வாலிபத்தில் பெண் மோகம் பிடித்துக்கொண்டது. வீட்டுப் பணம் போச்சு, அக்கா நகை போச்சு, உடம்பில் நோயும் வந்தது. விடணும்னு நினைச்சாலும் விட முடியல. (போதைன்னா பாட்டில் மட்டும்தானா என்ன?) கொடுக்க ஒன்றும் இல்லாத அக்கா மனம் வெறுத்துச் சொன்ன ஒரு சொல்லில் கூனிக் குறுகி, வல்லாள மகாராஜா கோபுரத்தில் ஏறிக் குதித்துவிட்டார். முருகன் தாங்கினான். வேலால் நாவில் மந்திரம் எழுதி, சும்மா இருக்கச் சொன்னான்.

தம்பி தங்கச்சிகளே, குதிச்சதுக்காகக் கிடைச்ச அருள் இல்ல அது. அவர் சாகக்கூடாதுன்னு வந்த அருள்.

பிழைச்சவர் பழசை மறைக்கல. ஊர் ஊராகப் போய், நம்ம பக்கத்து மயிலம் முருகனையும் பாடினார். அந்தப் பாட்டுகளிலேயே தன் மோகத்தையும் வெட்கத்தையும் போட்டு உடைத்தார். திருத்தணிப் பாட்டு ஒன்றில் நோய்களைப் பேர் பேராக அடுக்குகிறார். இன்று கிடைப்பவை சுமார் 1,300. வ.த.சுப்பிரமணிய பிள்ளை ஏடுகளைத் தேடி அலைந்து 1894இல் அச்சேற்றத் தொடங்கினார். அந்தப் புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு.

விழுந்து எழுந்தவர் சொன்னாத்தான், விழுந்து கிடக்கிறவர் காதுல ஏறும். 1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் என்ற இரண்டு குடிநோயாளிகள் ஒருத்தருக்கொருத்தர் மனசு விட்டுப் பேசித் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸும் இதே வழிதான்.

நம்ம புதுச்சேரியில சாராயக்கடைக்கு வழி கேட்கவே வேண்டாம். மீள்றதுக்குத்தான் ஆள் வேணும். சாரத்துல கிருத்திகைக்குத் திருப்புகழ் பாடும்போது என் பக்கத்துல உட்காருற அண்ணன், குடியில இருந்து மீண்டவர். புதுசா விட்டவங்களையும் கூட்டிட்டு வருவார். ராத்திரி கை நடுங்கினா அவங்க போன் போடுறது அவருக்குத்தான். திருநீறு பூசிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவார்.

வாழ்க்கையே வேணாம்னு யாருக்காவது தோணினா, கூச்சப்படாம 14416க்குப் போன் போடுங்க. டெலி மானஸ், அரசு சேவை, இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!